படம் வரையும் கைகள்

தேசப்படத்தை எப்பக்கமும் சாராத அறிவுப் பொருளாகவே கருதிப் பழகிவிட்டோம். அதன் பிறப்போ வேறு கதை சொல்கிறது. 1745இல் ஸ்கொட்லாந்தின் மலைநாட்டார் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை ஒடுக்கிய படைக்கு அம்மலைகளின் வழிகள் தெரியவில்லை. எனவே 1747 முதல் வில்லியம் ரோய் என்பார் அந்நிலத்தை அளக்கலானார். அவ்வழியிலேயே 1791இல் பிரித்தானியாவின் நில அளவை நிறுவனம் தோன்றியது. அதன் ஆங்கிலப் பெயரிலுள்ள 'ஓர்ட்னன்ஸ்' என்னும் சொல் பீரங்கியையும் படைக்கலத்தையும் குறிப்பது. இன்றும் அப்பெயர் மாறவில்லை.

பீரங்கியின் ஆட்சி தளர்ந்தபின் பணத்தின் ஆட்சி வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பொதுப்பணத்தில் அளந்த விவரங்களை அதே மக்கள் விலை கொடுத்தே பெறவேண்டியிருந்தது. இந்நிலையிலேதான், 2004இல், ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் 'ஓப்பன் ஸ்ட்ரீட் மப்' என்னும் பொதுப்படத்தைத் தொடங்கினார். செய்மதி வழிகாட்டிக் கருவியைக் கையிலேந்தி, நடந்தும் சைக்கிளில் சென்றும், தம் தெருக்களைத் தாமே வரைந்தனர் தொண்டர்கள். கூலி பெறாத உழைப்பு அது. ஆனால் எவரும் ஏவாத உழைப்பு.

அவ்வுழைப்பின் வலிமையை உலகம் கண்டது ஹெயிட்டியில். 2010 ஜனவரி 12ஆம் நாள் நிலநடுக்கம் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரைத் தகர்த்தது. மீட்புப் பணியாளர் கையில் அந்நகரின் விரிவான படம் இல்லை. வறியோர் குடியிருப்புகளை விரிவாக வரைய எவருக்கு அக்கறை இருந்தது? பல நாடுகளிலிருந்த தொண்டர்கள், அவசரமாக வெளியிடப்பட்ட செய்மதிப் படங்களைப் பார்த்து, சில நாட்களுக்குள் தெருக்களையும் இடிந்த கட்டடங்களையும் கூடாரங்களையும் வரைந்து கொடுத்தனர்.

இப்போது அக்களத்தில் இயந்திரம் இறங்கியுள்ளது. 2018இல் மைக்ரோசொவ்ட் நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவின் ஏறக்குறைய 12.5 கோடிக் கட்டடங்களைச் செயற்கை நுண்ணறிவால் வரைந்து வெளியிட்டது. 2019இல் பேஸ்புக் 'ரப்பிட்' என்னும் வரைகருவியைத் தந்தது. செய்மதிப் படத்தில் இயந்திரம் கண்டறிந்த வீதி அதில் கருஞ்சிவப்பு நிறக் கோடாகத் தோன்றும். தொண்டர் சரிபார்த்து ஏற்றால் பொதுப்படத்தில் சேரும். தாய்லாந்தின் விடுபட்ட வீதிகள் பெருமளவில் இம்முறையாலேயே படமேறின. பல மாத வேலை சில வாரங்களில் முடியுமெனில் நாம் ஏன் வெறுக்கவேண்டும்? தறியை உடைத்து நெசவாளி வாழ்ந்ததில்லை.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வீதி எது என்று பேஸ்புக்கின் இயந்திரம் கற்றது எங்கிருந்து? தொண்டர்கள் பல்லாண்டாக வரைந்த அதே பொதுப்படத்திலிருந்து. கூலியில்லா உழைப்பே நிறுவனத்தின் மூலதனமாயிற்று. 2012 முதல் நடைமுறையிலுள்ள உரிம விதிப்படி, பொதுப்படத்திலிருந்து ஆக்கிய தரவுத்தொகுதியை வெளியிடுவோர் அதே உரிமத்தில் அதனைத் திறந்துவைக்கவேண்டும். மைக்ரோசொவ்ட்டின் கட்டடங்களும் அவ்வுரிமத்திலேயே வெளிவந்தன. ஆனால் அப்படத்தில் பயின்ற இயந்திரத்தையும் அவ்விதி கட்டுமா? இது இன்னும் வாதத்துக்குரியது; வாதிடவேண்டியவர்கள் வரைந்தவர்களே.

இயந்திரத்தின் கண்ணுக்கு வறண்ட ஓடையும் வண்டிப்பாதையும் ஒன்றுபோலத் தோன்றலாம். மாரியில் எந்தப் பாலம் மூழ்கும், எந்த ஒழுங்கைக்கு ஊரார் என்ன பெயர் வழங்குகின்றனர் என்பவற்றை வானிலிருந்து காணமுடியாது. கோட்டை ஏற்றுக்கொண்ட பின்னும் வீதியின் பெயருக்குரிய இடம் வெறுமையாகவே இருக்கும், அவ்வூரவர் ஒருவர் வந்து எழுதும்வரை.