சொற்பஞ்சமும் செய்திப் பெருக்கமும்: அமெரிக்கக் குறுக்கெழுத்தில் பொது அறிவு புகுந்த வரலாறு

நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரைத் தவறாமல் நிரப்புகிறவர்கள் அதற்குச் சொல்லும் முதல் நியாயம், அதனால் பொது அறிவு வளர்கிறது என்பதுதான். ஏரிகளின் பெயர்கள், பழைய பேஸ்பால் வீரர்கள், சுவிட்சர்லாந்தின் ஆறுகள் எனத் துண்டு துண்டான பல செய்திகள் அவர்கள் நினைவில் சேர்ந்திருப்பதும் உண்மை. இது எப்படி நேர்ந்தது என்று கேட்டால், புதிர் அமைப்பவர்கள் நிறையப் படித்தவர்கள், வாசகர்களும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் என்று எளிதாகப் பதில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பதில் போதாது. அமெரிக்கக் குறுக்கெழுத்தைப் பொறுத்தவரை அறிவார்வம் இரண்டாவது காரணமே. முதற்காரணம், கட்டத்தின் அமைப்பு உண்டாக்கிய சொற்பஞ்சம். விடையாகத் தகுந்த சொற்கள் கொஞ்சமாகவும், அவை திரும்பத் திரும்ப வந்தாக வேண்டிய நாட்கள் ஏராளமாகவும் இருந்ததால்தான், ஒரே சொல்லுக்குப் புதுப்புதுச் செய்திகளைத் தேடிக் குறிப்பெழுதும் வழக்கம் வளர்ந்தது.

லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின், 1913 டிசம்பர் 21 ஞாயிறன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழின் வேடிக்கை இணைப்பில் வைர வடிவப் புதிர் ஒன்றை வெளியிட்டார். இன்றைய குறுக்கெழுத்தின் வரலாற்றை அதிலிருந்தே தொடங்குகிறார்கள். அதிலிருந்த குறிப்புகளில் மிகப் பல அகராதிப் பொருள்கள்தாம்: ஆட்சி செய்தல், மாலைப் பொழுது, கடற்கரையில் கிடைப்பது என்ற வகை. ஆனால் ரஷ்ய ஆறு ஒன்றையும், தென்கிழக்காசியாவின் கோமுட்டிப் பனையின் நாரையும் கேட்கும் குறிப்புகளும் அதில் இருந்தன. பொது அறிவு முதல் நாளிலேயே வந்துவிட்டதே என்று யாரும் இதை எனக்கு எதிராகக் காட்டலாம். பனைநாருக்கு உரிய விடையைப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரித் தெரிகிறது: டி, ஓ, எச் என்ற மூன்றே எழுத்துகள். குறுக்கே ஓடும் மற்றச் சொற்கள் அந்த இடத்தில் அந்த மூன்றெழுத்தைக் கொண்டுவந்து நிறுத்தியபின், அவற்றுக்கு ஏதேனும் பொருள் உண்டா என்று தேடிப் பிடித்தது போலத்தான் அந்தக் குறிப்பு இருக்கிறது. வாசகருக்குப் பனைநாரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் ஒருவர் புதிரைத் தொடங்கியிருப்பார் என்று நம்புவது கடினம்.

1924-இல் சைமன், ஷுஸ்டர் என்ற இருவர் தங்கள் புதிய பதிப்பகத்தின் முதல் வெளியீடாகக் குறுக்கெழுத்து நூலொன்றைப் பென்சிலோடு சேர்த்து விற்றபோது, நாடே அந்த மோகத்தில் விழுந்தது. அன்று புதிரோடு மல்லுக்கட்டியவர்கள் தேடி ஓடியது கலைக்களஞ்சியத்தை அல்ல, அகராதியை. பால்டிமோர்–ஒஹையோ ரயில் நிறுவனம் பயணிகளுக்காகத் தன் வண்டிகளில் அகராதிகளை வைத்தது. அதாவது, அந்தப் பத்தாண்டின் குறுக்கெழுத்து பெரும்பாலும் சொற்பொருள் விளையாட்டு. இதை வீண்பொழுது என்று அப்போது தலையங்கத்தில் சாடிய ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழே 1942 பிப்ரவரி 15 முதல் ஞாயிறுதோறும், 1950 செப்டம்பர் 11 முதல் நாள்தோறும் புதிர் வெளியிடத் தொடங்கியது. அதன் முதல் புதிராசிரியர் மார்கரெட் ஃபாரர். 1924 நூலைத் தொகுத்த மூவரில் அவரும் ஒருவர். 1969 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கட்டம் தலைகீழாகத் திருப்பினாலும் ஒரே தோற்றம் தர வேண்டும், இரண்டெழுத்துச் சொல் கூடாது, கறுப்புக் கட்டங்கள் ஆறில் ஒரு பங்குக்கு மிகக் கூடாது, ஒவ்வோர் எழுத்தும் இடவலமாக ஒரு சொல்லிலும் மேல்கீழாக ஒரு சொல்லிலும் இடம்பெற வேண்டும் என்ற விதிகள் அவர் காலத்தில் உறுதிப்பட்டன.

இந்த விதிகளின் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. பக்கத்துக்கு 15 கட்டம் கொண்ட நாள்புதிரில் மொத்தம் 225 கட்டங்கள். கறுப்பு போக ஏறத்தாழ 190. அத்தனையும் இருவழியாகப் பொருள் தர வேண்டும். ஒரு புதிருக்கு 70 விடைகள் என்றாலும் ஆண்டுக்கு 25,000-க்கு மேல் ஆகிறது. நீண்ட சொற்கள் அடுத்தடுத்து நிற்கும்போது அவற்றைக் கோத்துப் பிடிக்க, உயிரெழுத்து மிகுந்த மூன்று, நான்கு எழுத்துச் சொற்கள்தாம் உதவும். ஆங்கிலத்தில் அவை எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆகவேதான் ஆங்கிலோ–சாக்சன் அடிமையைக் குறிக்கும் ‘எஸ்ன்’, சுலவேசித் தீவின் குட்டை எருமையான ‘அனோவா’, ஊசிப் பெட்டியான ‘எட்வி’ ஆகியவை வேறெங்கும் நடமாடாமல் புதிர்களில் மட்டும் உயிர்வாழ்ந்தன. இப்படிப்பட்ட சொல்லுக்கு எழுதக்கூடிய அகராதிக் குறிப்பு ஒன்றோ இரண்டோதான். மூன்றாம் முறை வரும்போது வாசகர் யோசிக்காமலே நிரப்பிவிடுவார். மாறாக, ஈரி என்ற நான்கெழுத்துக்கு எத்தனையோ கதவுகள்: பேரேரிகளில் ஒன்று, 1825-இல் திறக்கப்பட்ட கால்வாய், பென்சில்வேனியாவின் துறைமுக நகரம், 1813-இல் அமெரிக்கக் கடற்படை பிரிட்டனை வென்ற களம். திங்களன்று எளிதாகவும் சனியன்று கடினமாகவும் புதிர் இருக்க வேண்டுமென்றால் விடையை மாற்றத் தேவையில்லை, குறிப்பை மாற்றினால் போதும். பொது அறிவு நுழைந்த வாசல் இதுதான்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு, எல்லாம் ஆசிரியரின் ரசனை என்பது. 1977 முதல் 1993 வரை ‘நியூயார்க் டைம்ஸ்’ புதிர்ப் பொறுப்பிலிருந்த யூஜின் மலெஸ்கா கல்வித்துறையிலிருந்து வந்தவர். லத்தீன், இசைநாடகம், தொலைதூர ஆறுகள் அவர் காலப் புதிர்களில் மலிந்திருந்தன. அவருக்குப்பின் வந்த வில் ஷார்ட்ஸ் திரைப்படம், தொலைக்காட்சி, ராக் இசை, கடைச்சரக்கு எல்லாவற்றையும் உள்ளே விட்டார். இந்த மாற்றத்தை மறுக்க முடியாது. ஆனால் மாறியது எது என்பதை ஓரியோ என்ற ஒரு விடையைக் கொண்டே பார்த்துவிடலாம். 1912-இல் சந்தைக்கு வந்த பிஸ்கட் அது. விற்பனைப் பெயர்களுக்கு மரியாதை இல்லாத காலத்தில், அதே நான்கெழுத்துக்கு ‘மலை’ எனப் பொருள்படும் கிரேக்க முன்னொட்டு என்று குறிப்பெழுதினார்கள். பின்னர் அது பாலில் தோய்த்துத் தின்னும் கறுப்பு வெள்ளைப் பிஸ்கட் ஆயிற்று. விடை இரண்டு ஆட்சியிலும் இருந்தது, நான்கில் மூன்று எழுத்து உயிராக இருப்பதால் அது இருந்தே தீர வேண்டும். எந்தச் செய்தியைச் சொல்லலாம் என்பதை ஆசிரியர் தீர்மானித்தார். ஏதாவது செய்தி சொல்லியாக வேண்டிய கட்டாயத்தைக் கட்டம் தீர்மானித்தது. இசையமைப்பாளர் பிரையன் ஈனோவும் ஹாக்கி வீரர் பாபி ஆரும் தங்கள் துறைக்கு வெளியே இத்தனை பேருக்குத் தெரிந்தவர்களானதில் பெயரின் குறுக்கத்துக்கும் பங்குண்டு என்று சொன்னால் அவர்களுக்கு அது அவமரியாதை ஆகாது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நடந்தது இந்த வாதத்துக்கு நல்ல உரைகல். ‘டோர்க்குமாடா’ என்ற புனைபெயரில் எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் 1926 முதல் ‘அப்சர்வர்’ இதழில் வளர்த்த பிரிட்டிஷ் புதிர் முற்றிலும் வேறு திசையில் போனது. லண்டன் ‘டைம்ஸ்’ 1930-இல் புதிர் வெளியிடத் தொடங்கியது. அங்கே வழங்கிய கட்டத்தில் ஒரு சொல்லின் எழுத்துகளில் ஏறத்தாழப் பாதியே மற்றொரு சொல்லோடு வெட்டிக்கொள்ளும். நாள்புதிருக்குச் சுமார் 30 விடை போதும். சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆகவே குறிப்பெழுதுபவரின் திறமை, எழுத்துகளைக் கலைத்துப் போடுவதிலும் சிலேடையிலும் செலவாயிற்று. படித்தவர்கள் அமைத்துப் படித்தவர்கள் நிரப்பிய புதிர்தான் அதுவும், ஆனால் செய்தித் துணுக்குகளின் களஞ்சியமாக அது ஆகவில்லை. தமிழ் இதழ்களின் புதிரையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். கட்டத்துக்கு ஒரு தமிழெழுத்து என்பதால் 247 எழுத்துகள் களத்தில் நிற்கின்றன. முழுமையான பின்னல் ஏறக்குறைய இயலாத காரியம். நம் புதிர்கள் கறுப்புக் கட்டங்களைத் தாராளமாக விட்டன, ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்று நான்கு திசைகளிலும் சொற்களை ஓடவிட்டன, குழம்பியிருக்கும் விடையையும் அனுமதித்தன. நெருக்கடி அங்கே குறிப்பில் தீரவில்லை, திசையில் தீர்ந்தது.

பஞ்சத்தால் வந்த செய்தி என்றாலும் அது மனத்தில் தங்குகிறதா என்பது தனிக் கேள்வி. ஹேம்ப்ரிக், சால்ட்ஹவுஸ், மைன்ஸ் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்த் திறமையோடு நெருங்கிய தொடர்புடையதாகத் தெரிந்தது பொது அறிவு. தருக்க ஆற்றலுக்கு அங்கே பெரிய பங்கில்லை. அறிவுள்ளவர்தான் புதிருக்கு வருகிறார், புதிர் அறிவைத் தருவதில்லை என்று இதைத் திருப்பிப் படிக்கலாம், அந்த ஆய்வு ஒன்றே அதை மறுத்துவிடாது. ஆனால் கார்னெல், ஹேஸ், பியோர்க் ஆகிய மூவரின் 2009-ஆம் ஆண்டுச் சோதனைகள், முதலில் ஊகித்துத் தவறியபின் சரியான விடையைக் காண்பவர் அதை நன்றாக நினைவில் வைக்கிறார் என்று காட்டின. குறுக்கெழுத்தில் நடப்பது கிட்டத்தட்ட இதுவே: தெரியாத பெயர், ஓர் ஊகம், குறுக்கே வரும் சொல் அதை அடித்துவிடுகிறது, மெல்ல மெல்லச் சரியான பெயர் எழுத்தெழுத்தாக வெளிப்படுகிறது. தங்குவது பெயர்தான், பொருளறிவு அல்ல என்ற குறை நியாயமானது. ஹாக்கி ஆட்டத்தைக் கண்ணால் பார்க்காதவருக்கும் ஆரின் சட்டை எண் 4 என்பது தெரிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய குறை, உயிரெழுத்து வரைந்த உலகப்படம் கோணலானது என்பது. இந்தியாவிலிருந்து அடிக்கடி உள்ளே போவது தாஜ்மகாலுக்காக ஆக்ரா, அதோடு ராணி, ராகம், சேலை. மெய்யெழுத்துகள் நெருங்கி நிற்கும் தஞ்சாவூர் எத்தனை பெரிய கோயிலை வைத்திருந்தாலும் அந்தப் படத்தில் எளிதில் ஏறாது. யாருக்கு எது பொது அறிவு என்ற சமூகக் கோணலும் இதன்மேல் சேர்கிறது. 2019 ஜனவரி 1 அன்று மெக்சிகோ மக்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ புதிரில் விடையாக வந்து, ஷார்ட்ஸ் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்தச் சொல்லுக்கு எழுதப்பட்ட குறிப்பு பேஸ்பாலைப் பற்றியது. கட்டத்தில் பொருந்திய எழுத்துகளுக்குத் தீங்கற்ற பொருளொன்றைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். 1913-இன் பனைநாரிடம் நடந்ததும் இதே வேலைதான்.

இன்று கணினி மென்பொருளும் பெரிய சொற்பட்டியல்களும் பஞ்சத்தை ஓரளவு தீர்த்துவிட்டன. முழுச் சொற்றொடர்களும் ஆட்பெயர்களும் நீண்ட விடைகளாக வருகின்றன, எஸ்னும் அனோவாவும் அமைப்பாளர்களுக்கே வெட்கமாகிவிட்டன. என் வாதம் சரியென்றால் செய்திச் சுமை குட்டை விடைகளின் குறிப்புகளிலிருந்து நீண்ட விடைகளுக்கு இடம்பெயர்ந்திருக்க வேண்டும். டேவிட் ஸ்டைன்பர்க் முன்னின்று நடத்திய, 1993-க்கு முந்தைய புதிர்களை மின்வடிவில் சேர்க்கும் திட்டத்தால் இதைச் சரிபார்க்க இப்போது வழியிருக்கிறது: மூன்றெழுத்து விடைகளின் குறிப்புகளைப் பத்தாண்டு வாரியாகப் பிரித்து, அகராதிப் பொருள் எத்தனை, உலகச் செய்தி எத்தனை என்று எண்ண வேண்டும்.