உடன்படிக்கை ஆராதனை

கிறிஸ்தவர்கள் சபையாகக் கூடி, இயேசு கிறிஸ்துவுக்கே ஊழியம் செய்வதாக வாக்குக்கொடுத்துத் தங்களை ஒப்புக்கொடுக்கும் மெதடிஸ்டு வழிபாடு உடன்படிக்கை ஆராதனை எனப்படுகிறது. பெரும்பாலும் புத்தாண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடைபெறும். ஞானஸ்நானத்தில் தொடங்கிய உறவை ஆண்டுதோறும் புதுப்பிப்பதே இதன் நோக்கம். இதற்கு உருக்கொடுத்தவர் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி.

இதன் வேர்கள் பழைய ஏற்பாட்டில் உள்ளன. யோசுவா சீகேமில் இஸ்ரவேல் கோத்திரங்களைக் கூட்டி, யாரைச் சேவிப்பது என்று அன்றே தெரிந்துகொள்ளச் சொன்னார் (யோசுவா 24). யோசியா ராஜா உடன்படிக்கைப் புத்தகத்தை ஜனங்கள் கேட்க வாசித்தபோது, அவர்கள் அனைவரும் அதற்கு உட்பட்டார்கள் (2 இராஜாக்கள் 23). இரண்டிலும் வாக்குக்கொடுத்தது ஒரு முழு ஜனம்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பியூரிட்டன்கள் இதைத் தனிமனிதரின் உள்ளறைக்குக் கொண்டுவந்தனர். விசுவாசி தனியே முழங்கால்படியிட்டு, கடவுளோடு செய்யும் உடன்படிக்கையைத் தாளில் எழுதிக் கையொப்பமிடும் வழக்கம் அவர்களிடையே பரவியது. அமெரிக்காவில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1723 ஜனவரி 12 அன்று இவ்வாறு தம்மை ஒப்புக்கொடுத்து, அதை எழுதியும் வைத்தார்.

வெஸ்லிக்குக் கிடைத்த வாசகம் துன்பக் காலத்தில் பிறந்தது. 1662இல் வந்த ஒருமைப்பாட்டுச் சட்டம், அரசு வகுத்த ஜெப நூலை முழுமையாக ஏற்க மறுத்த ஏறத்தாழ 2,000 போதகர்களைச் சபைகளிலிருந்து வெளியேற்றியது. சாமர்செட் பகுதியில் ஊழியம் செய்த ரிச்சர்டு அலைனும் அவருடைய மருமகன் ஜோசப் அலைனும் அவர்களில் இருவர். ஜோசப் தடையை மீறிப் பிரசங்கித்து 1663இல் சிறை சென்றார்; உடல் நலிந்து 1668இல், 34 வயதில் இறந்தார். ரிச்சர்டு 1663இல் வெளியிட்ட பக்தி நூலில்தான் அந்த உடன்படிக்கை வாசகம் உள்ளது. அதற்கு ஆயத்தமாவோருக்கு ஐந்து அறிவுரைகள் தரப்பட்டன: தனிமையில் ஜெபிக்க நேரம் ஒதுக்குவது, மனதை ஒருமுகப்படுத்துவது, கடவுளின் வாக்குத்தத்தத்தைப் பற்றிக்கொள்வது, உண்மையாயிருக்கத் தீர்மானிப்பது, பிறகு முழங்காலில் நின்று தன்னை ஒப்படைப்பது. மூன்றாவது அறிவுரையே இதன் உயிர். மனிதனின் உறுதி தளரக்கூடியது என்பதால், வாக்குக்கொடுப்பவர் முதலில் சார்ந்திருக்க வேண்டியது கிருபையை.

வெஸ்லி தமது 'கிறிஸ்தவ நூலகம்' வரிசையில் 1753இல் இந்நூலைச் சுருக்கி வெளியிட்டார். 1755 ஆகஸ்டில் லண்டன் சபையாருக்கு உடன்படிக்கையின் பொருளைச் சில நாள் காலைகளில் விளக்கினார். பலர் வெள்ளிக்கிழமை உபவாசமிருந்தனர். ஆகஸ்டு 11, திங்கள் மாலை ஆறு மணிக்கு ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் இருந்த பிரெஞ்சு ஆலயத்தில் கூடினர். ரிச்சர்டு அலைனின் வாசகம் வாசிக்கப்பட்டதும், ஏறத்தாழ 1,800 பேர் சம்மதத்துக்கு அடையாளமாக எழுந்து நின்றதாக வெஸ்லி தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். உள்ளறையில் ஒருவர் இட்ட கையொப்பம், இப்படி ஒரு சபை முழுவதும் எழுந்து நிற்பதாக மாறியது. மெதடிஸ்டு இயக்கம் திருச்சபைக்கு அளித்த கொடைகளில் இதைவிட ஆழமானது வேறில்லை. வெஸ்லி 1780இல் இந்த ஒழுங்கைத் தனிச் சிறுநூலாகவும் அச்சிட்டார்.

வாசகத்தின் மையக் கருத்து எளியது, ஆனால் கடினமானது. கிறிஸ்துவுக்குச் செய்யும் ஊழியம் பலவகை. சில நம் விருப்பத்துக்கும் இயல்புக்கும் ஒத்தவை, சில இரண்டுக்கும் மாறானவை. எதைச் செய்வது, யாரோடு செய்வது, உழைப்பதா, பாடுபடுவதா, பயன்படுவதா, ஒதுக்கப்பட்டிருப்பதா என்று தெரிவு செய்யும் உரிமையையே விசுவாசி கைவிடுகிறார். நோயுற்றோரும் முதியோரும் இதை மனப்பூர்வமாகச் சொல்ல முடிவது அந்தக் கடைசிப் பகுதியால்தான். பழைய வடிவத்தில் ஆத்துமாவை மணவாட்டியாகக் காட்டும் பகுதியும் இருந்தது. பிந்தைய பதிப்புகளில் அது விடப்பட்டது.

போதகர் நெடுநேரம் தனியே வாசிக்கும் முறை நூறாண்டுக்கு மேல் நீடித்தது. மெதடிஸ்டு போதகர் ஜார்ஜ் ராப்சன் 1922இல் அதைத் திருத்தி அமைத்தார். 1936இல் பிரிட்டிஷ் மெதடிஸ்டு திருச்சபை வெளியிட்ட வழிபாட்டு நூல் அந்தத் திருத்தத்தைப் பின்பற்றியது. சபையார் சேர்ந்து சொல்லும் பகுதிகள் அதில் மிகுந்தன. துதி, பாவ அறிக்கை, எரேமியா 31, யோவான் 15 போன்ற வேதபாடங்கள், உடன்படிக்கை, திருவிருந்து என்ற வரிசை அதன் பிறகு பரவலாகியது.

ஆசியாவில் வெஸ்லியன் மெதடிஸ்டு மிஷனெரிகள் 1814இல் இலங்கையில் இறங்கினர். அவர்களில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் சென்னைக்கு வந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, தென்னிந்திய மெதடிஸ்டு சபைகளும் அதில் இணைந்தன. அத்திருச்சபையின் 1963ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூலில் உடன்படிக்கை ஆராதனை இடம்பெற்றதால், ஆங்கிலிக்கன் மரபில் வளர்ந்த சபைகளுக்கும் இது உரியதாயிற்று. தமிழகச் சபைகளில் இன்றும் புத்தாண்டையொட்டி இது நடைபெறுகிறது.