கிட்டியும் கையெழுத்தும்

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. ஏற்புறுதி மட்டும் இன்னும் அளிக்கவில்லை. நம் சட்டங்களே போதும், வெளியார் நமக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்பதுதான் வழக்கமான வாதம். அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்குச் சென்னை மாகாணத்திலேயே பழைய சாட்சியம் இருக்கிறது. இங்கே நிலவரி வசூலிக்கக் குடியானவர்களை வதைக்கிறார்கள் என்ற பேச்சு 1854 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்தது. அதற்கு வழிகோலியவர்களில் சென்னை வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டி முக்கியமானவர். கும்பினி அரசு வேறு வழியின்றி எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரை விசாரணைக்கு அமர்த்தியது. வந்த புகார்கள் 1,959. இரு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிக்கும் கிட்டியும், ஆளைக் குனியவைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் விடுவதும் 1855 அறிக்கையில் பதிவாகியுள்ளன. பழியெல்லாம் சுதேசிச் சேவகர்கள் தலையில் விழுந்தது, வெள்ளைக்கார அதிகாரிகள் சுத்தமாக வெளியே வந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வதைப்பது அப்போதும் சட்டப்படி குற்றம்தான். வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே ஆட்கள் கையில் இருந்ததால், அடி வாங்கியவன் அடித்தவனைத் தாண்டி யாரிடமும் போக முடியவில்லை. பிறகுதான் 1859 சட்டம் போலீசைத் தனித் துறையாக்கியது. 2024 வரை அமலில் இருந்த 1860 தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு, வரிபாக்கிக்காக ஒருவனை வதைக்கும் வருவாய் அதிகாரியையே உதாரணமாகக் காட்டியது. நம்முடையது என்று நாம் பெருமையோடு காட்டிவந்த பிரிவுக்குப் பின்னால் ஏழு கடல் தாண்டிய கேள்வியும் இருந்தது.

உடன்படிக்கை செய்வது நம் நாட்டில் அரசின் வேலை; அதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. அதைச் செயல்படுத்தச் சட்டம் வேண்டும் என்றால்தான் உறுப்பினர்களின் கைக்கு விஷயம் வரும். அப்படி வந்தது 2010 மசோதா. அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு கிடையாது, ஆறு மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்றது அது. 1855இன் பழைய நோய் அப்படியே திரும்பியிருந்தது. மக்களவை அதை நிறைவேற்றியும் விட்டது. மாநிலங்களவையின் தெரிவுக் குழு உட்கார்ந்து படித்து, காலக்கெடுவை இரண்டு ஆண்டாக்கச் சொன்னது. 2014இல் மக்களவை கலைந்ததும் மசோதா காலாவதியானது.

இறையாண்மை போய்விடும் என்பார்கள். புருலியா ஆயுத வழக்கில் தேடப்பட்ட கிம் டேவியை ஒப்படைக்க டென்மார்க் நீதிமன்றம் 2011இல் மறுத்தது. இந்தியச் சிறையில் அவர் வதைக்கப்படலாம் என்பதே காரணம். நம் மண்ணில் நடந்த குற்றத்தை நம்மாலேயே விசாரிக்க முடியவில்லை என்றால் இறையாண்மையில் எவ்வளவு மிச்சம்? 2017இல் சட்ட ஆணையம் ஏற்புறுதி அளிக்கச் சொல்லி, புது மசோதா வரைவையும் கொடுத்தது. சட்டம் இயற்றுமாறு நாடாளுமன்றத்துக்கு உத்தரவிட முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. அந்த வரைவை அவையில் வைக்க வேண்டியது இப்போது அரசுதான்.