டேப்பின் கொக்கி ஆடுவது பழுதல்ல

அளவெடுக்கும் டேப்பின் நுனியில் இருக்கும் இரும்புக் கொக்கியைப் பிடித்து அசைத்தால் லேசாக ஆடும். புதிதாக வாங்கிய டேப்பிலும் ஆடும். மட்டமான சாமானைக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்து, சுத்தியலால் அதைத் தட்டி இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அன்றிலிருந்து அந்த டேப் தப்பாகத்தான் அளக்கும்.

அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. கொக்கித் தகட்டின் தடிமன் எவ்வளவோ, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், அவ்வளவு தூரம்தான் அது நகரும். பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொக்கி வெளியே வருகிறது. அளவு அதன் உட்புறத்திலிருந்து தொடங்குகிறது. அலமாரியின் உள்பக்கத்தை அளக்க, கொக்கியைப் பக்கப் பலகையில் முட்டக் கொடுக்கும்போது அது உள்ளே நகர்கிறது. இப்போது கொக்கியின் தடிமனும் அளவில் சேர்ந்துவிடுகிறது. இழுத்தாலும் முட்டினாலும் கணக்கு சரியாக வருவதற்கான ஏற்பாடு இது.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். சமையலறை கேபினெட்டில் இழுப்பறை சிக்கிக்கொள்வதற்கு அது தாராளமாகப் போதும். நான்கைந்து துண்டுகளைத் தனித்தனியாக அளந்து அறுத்துச் சேர்த்தால், பிழையும் சேர்ந்துகொண்டே போகும். வீணாவது பலகை மட்டுமல்ல, ஒரு நாள் வேலையும்தான்.

டேப் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். கொக்கியைப் பலகையின் முனையில் மாட்டி இழுத்து, 200 மில்லிமீட்டரில் ஒரு கோடு போட வேண்டும். பிறகு அதே முனையில் ஒரு மரக்கட்டையை ஒட்டி வைத்து, கொக்கியை அதில் முட்டக் கொடுத்து மீண்டும் 200-இல் கோடு போட வேண்டும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் டேப் நல்லது. விழாவிட்டால், கொக்கியை விட்டுவிட்டு 100 மில்லிமீட்டர் கோட்டிலிருந்து அளக்கத் தொடங்கி, கடைசியில் அந்த 100-ஐக் கழித்துக்கொள்ளலாம். கழிக்க மறந்தால் பலகை 10 செண்டிமீட்டர் குட்டையாகிவிடும். கொக்கி கெடுவதற்கு முக்கியக் காரணம், டேப்பைப் பட்டென்று சுருள விடுவது. விரலால் அணைத்து மெதுவாக உள்ளே விட்டால் பல ஆண்டுகள் உழைக்கும்.

பல டேப்புகளின் கொக்கியில் சிறு பிளவு ஒன்று இருக்கும். ஆணித் தலையிலோ திருகாணித் தலையிலோ அதை மாட்டினால், மறுமுனையைப் பிடிக்க ஆள் தேவையில்லை. ஆணியை நடுவாக வைத்து டேப்பைச் சுற்றினால் வட்டமும் போடலாம். சில கொக்கிகளின் ஓரத்தில் ரம்பப் பல் போல இருக்கும். பென்சில் கைவசம் இல்லாதபோது பலகையில் கீறி அடையாளம் வைக்க அது உதவும்.

டேப் பெட்டியின் அடியிலோ பக்கத்திலோ ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அது பெட்டியின் நீளம். ஜன்னல் சட்டத்துக்குள் டேப்பை வளைத்து, குத்துமதிப்பாக அளவு சொல்வதற்குப் பதிலாக, பெட்டியின் பின்புறத்தை ஒரு பக்கத்தில் ஒட்டி வைத்து, டேப் வெளியே வரும் வாயில் தெரியும் எண்ணோடு அந்த நீளத்தைக் கூட்டினால் போதும்.

அங்குலக் கணக்கும் உள்ள சில டேப்புகளில் 19.2 அங்குலத்துக்கு ஒரு முறை கறுப்பு வைர அடையாளம் வரும். நம் ஊரில் மில்லிமீட்டர் புழக்கத்துக்கு வந்த பிறகும், பிளைவுட் இன்னும் 4க்கு 8 அடி என்றுதான் கேட்கப்படுகிறது. எட்டு அடி என்பது 96 அங்குலம். அதை ஐந்தாகப் பிரித்தால் 19.2. அந்த இடைவெளியில் சட்டம் அடித்தால் பலகையின் முனை ஒரு சட்டத்தின்மேல் சரியாக வந்து உட்காரும். சிவப்பில் காட்டப்படும் 16 அங்குலம், அதே நீளத்தை ஆறாகப் பிரித்தது.

ஒழுங்கற்ற அகலத்தைச் சமமாகப் பிரிக்கக் கால்குலேட்டர் தேவையில்லை. 173 மில்லிமீட்டர் பலகையை நான்காக்க வேண்டுமானால், ஓர் ஓரத்தில் சுழியை வைத்து, மறு ஓரத்தில் 200 வரும்வரை டேப்பைச் சாய்த்து, 50, 100, 150-இல் புள்ளி வைத்தால் வேலை முடிந்தது.

தச்சர்கள் வைத்திருக்கும் நகரும் மூலைமட்டத்துக்கு அமெரிக்கரான லாராய் ஸ்டாரெட் 1879-இல் காப்புரிமை பெற்றார். 90 பாகை, 45 பாகை இரண்டும் அதில் உண்டு. துளையின் ஆழமும் அளக்கலாம். பலவற்றில் தலைப்பகுதிக்குள் சிறு கீறல் ஊசி ஒன்று செருகப்பட்டிருக்கும். பித்தளைக் குமிழைப் பிடித்து இழுத்தால் வெளியே வரும். பலர் அதைத் திருகாணி என்று நினைத்துத் தொடுவதே இல்லை.

மூலைமட்டம் கீழே விழுந்தால் சந்தேகப்பட வேண்டும். நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு போட்டு, மறுபக்கமாகத் திருப்பி அதே இடத்தில் இன்னொரு கோடு போட வேண்டும். இரண்டு கோடுகளும் விரிந்து போனால், தெரிகிற இடைவெளியில் பாதிதான் உண்மையான பிழை. ரசமட்டத்துக்கும் இதே சோதனைதான்: முனை மாற்றி அதே இடத்தில் வைத்தால், குமிழி முன்பு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.