பூத்துணியும் பூந்தோட்டமும்

லாவோஸ் நாட்டு மலைகளில் வாழ்ந்த மோங் இனப் பெண்கள் தம் கையால் செய்யும் பூவேலைத் துணிக்கு ‘பா ந்தாவ்’ என்று பெயர். ‘பா’ என்பது மலர். ‘ந்தாவ்’ என்பது துணி. நூலில் பூ எழுப்பத் தெரிந்த இம்மக்கள், ஒரு நாள் கடல் கடந்த நாட்டின் சந்தைகளில் மெய்யான பூக்களைக் கட்டி விற்றுப் பிழைப்பார்கள் என்று அன்று யார்தாம் எண்ணியிருக்க முடியும்?

மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து, சாம்பல் கலந்த மண்ணில் மலைநெல்லும் மக்காச்சோளமும் காய்கறியும் விதைப்பதே அவர்கள் அறிந்த வேளாண்மை. மண் வளம் குன்றியதும் வேறு சரிவுக்குச் செல்வர். பணப்பயிராக அபினிச் செடி இருந்தது. அதுவும் அழகாகப் பூப்பதுதான். ஆயினும் விலை பூவுக்கன்று, காயில் வடியும் பாலுக்கே.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சி.ஐ.ஏ., தளபதி வாங் பாவின் தலைமையில் மோங் மக்களுள் பலரை ஒரு மறைமுகப் போரில் ஈடுபடுத்தியது. 1975 மே மாதத்தில் லோங் தியெங் தளத்திலிருந்து வானூர்தியில் ஏற்றிச் செல்லப்பட்டோர் ஒரு சிறு பகுதியினரே. ஏனையோர் காடுகளினூடே நடந்து, மூங்கில் தெப்பங்களில் மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்தை அடைந்தனர். அந்த ஆற்றிலேயே மாண்டவர் பலர். அகதி முகாம்களில் காத்திருந்த ஆண்டுகளில் துணியும் மாறியது. பூக்கள் இருந்த இடத்தில் துப்பாக்கியேந்திய வீரரையும் வானூர்தியையும் ஆற்றையும் பெண்கள் நூலால் வரைந்தனர்.

அமெரிக்கா அவர்களைப் பல மாநிலங்களில் சிதறலாகக் குடியமர்த்தியது. வரவேற்றுத் துணைநின்றவற்றுள் கத்தோலிக்கப் பிறரன்பு அமைப்புகளும் உண்டு. வீடும் குளிருடையும் தர முடிந்த அந்த நல்லெண்ணத்தால் நிலம் தர முடியவில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். குலமாக வாழ்ந்து பழகியவர்களோ, உறவினரைத் தேடி மினசோட்டாவின் செயிண்ட் பால், கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ போன்ற நகரங்களில் மீண்டும் ஒன்றுகூடினர்.

அங்கேதான் பலர் மறுபடியும் மண்ணைத் தொட்டனர். வீட்டுத் தேவைக்கென்று வாடகைத் துண்டில் போட்ட கீரையும் மிளகாயும் மெல்ல உழவர் சந்தைக்கு வந்தன. வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில் 1980களில், இந்தோசீன அகதிகள் பயிர் செய்யத் தனித் திட்டமே அமைந்தது. பைக் பிளேஸ் சந்தைக்குக் காய்கறியோடு வந்த மோங் குடும்பங்கள், பூங்கொத்துக்கே அந்நகரத்தார் விரும்பிப் பணம் தருவதைக் கண்டு பூச்சாகுபடிக்குத் திரும்பினர். டேலியா, துலிப் என்று அவர்தம் மலைகளில் விற்பனைக்கென எவரும் வளர்த்திராத பூக்கள்! நிறத்தோடு நிறம் சேர்க்கும் கண் மட்டும் பழையதே என்று நமக்குத் தோன்றுகிறது. முதல் தலைமுறையில் கொத்துக் கட்டுவது தாயாகவும், வாங்குவோரிடம் ஆங்கிலத்தில் விலை சொல்வது பள்ளிப் பிள்ளையாகவும் இருந்த கடைகள் பல.

நிலம் மட்டும் பிறருடையது. ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் குத்தகையில் என்ன நடுவது? டேலியா அவ்வாண்டே பூக்கும். மினசோட்டாவின் கடுங்குளிர் வருமுன் கிழங்கைத் தோண்டி எடுத்து வைத்து, மறு வசந்தத்தில் வேறு வயலிலும் ஊன்றலாம். பியோனி அப்படியன்று. நட்டபின் ஏறத்தாழ மூன்று ஆண்டு பொறுத்தால்தான் வெட்டி விற்குமளவு பூக்கும். பிறகு ஒரே இடத்தில் பல பத்தாண்டுகள் நிலைக்கும். அடுத்த ஆண்டு இந்த வயல் நமக்கு உண்டா என்று அறியாதவர் அதை எந்த நம்பிக்கையில் ஊன்றுவார்?

மினசோட்டாவில் மோங் உழவர்கள் 2011இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். செயிண்ட் பாலுக்குத் தெற்கே 155 ஏக்கர் பண்ணை ஒன்று அதன் பொறுப்பில் வர, குடும்பங்கள் அதில் தனித்தனிப் பகுதிகளாகப் பயிர் செய்கின்றன. நீண்ட காலத்துக்கு நிலம் கிடைப்பதை அச்சங்கம் முதன்மைத் தேவையாகக் கொண்டது. முதலிரண்டு ஆண்டுகள் வருமானம் தராத செடியையும் அப்போதுதான் துணிந்து நடலாம்.