சாடியின்மேல் எழுதிய பெயர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிக் கோடையில் பயணம் செய்தோர்க்குத் திராட்சையைப் பற்றிப் பேசுவதே விந்தையாகத் தோன்றும். வழியெங்கும் கருவேலங்காடு; வெடித்த கரிசல்; மணலாய்க் கிடக்கும் குண்டாறு. இம்மண்ணிற் பிறந்து வெளிநாட்டில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் அண்மையில் விடுமுறைக்கு வந்தபோது நம்மைக் கண்டார். சென்ற நாடுகளிலெல்லாம் ஓவியக்கூடங்களைப் பார்த்து, திராட்சை இரசப் புட்டிகளின் லேபிள்களைச் சேர்த்து வைத்திருப்பவர் அவர். "சாமி, நம்ம ஊர் பேருல சின்னதா ஒரு ஒயின் கொண்டு வரலாம்னு இருக்கேன். படம்கூட நானே வரைஞ்சிட்டேன்" என்று ஒரு தாளை நீட்டினார். குண்டாற்றங்கரையில் ஒற்றைப் பனை. அதன்கீழ் 'திருச்சுழி' என்ற பெயர். படம் அழகாகவே இருந்தது. ஆயினும், புட்டியின்மேல் ஒரு பெயரை எழுதுவது எதற்காக என்ற வினா நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

அவ்வழக்கம் மிகப் பழையது. 1922-இல் கண்டறியப்பட்ட எகிப்திய மன்னன் துத்தன்காமனின் கல்லறையில் இரசச் சாடிகள் கிடைத்தன. ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட அச்சாடிகளின்மேல் ஆட்சியாண்டும், தோட்டம் இருந்த இடமும், இரசம் ஆக்கியவனின் பெயரும் எழுதப்பட்டுள்ளன. மன்னனின் புகழுரை அங்கு இல்லை. உழைத்தவனின் பெயர் இருக்கிறது.

நம் சீமைக்கும் அத்தகைய சாடிகள் வந்துள்ளன. வைகை கடலோடு கலக்கும் அழகன்குளத்தில் 1986 முதல் தமிழகத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது உரோமானியச் சாடிகளின் உடைந்த துண்டுகளும், கப்பல் உருவம் கீறப்பட்ட பானை ஓடு ஒன்றும் கிடைத்தன. யவனர் கொணர்ந்த நறுமண மதுவை நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடிய புறநானூற்றுப் பாடலும் குறிப்பிடுகின்றது. ஆக, வறண்ட நாட்டிற்குத் திராட்சை இரசம் என்றுமே வழிப்போக்கனாகவே வந்தது.

திருச்சபையின் வரலாறும் இதையே காட்டுகின்றது. கேரளத்துத் தோமையார் கிறிஸ்தவர்கள் உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து திருப்பலிக்குப் பயன்படுத்தி வந்தனர். 1599-இல் கூடிய உதயம்பேரூர்ச் சங்கம் போர்த்துக்கல் நாட்டு இரசத்தையே பயன்படுத்த வேண்டுமென விதித்தது. 1693-இல் ஓரியூரில் உயிர் ஈந்த புனித அருளானந்தர் மறவர் நாட்டில் மறைந்து திரிந்த நாள்களில், அவர்தம் பூசைக்கு வேண்டிய சிறு குப்பி இரசமும் வெளியிலிருந்தே வந்திருக்க வேண்டும். இன்றைய சட்டத்தொகுப்பின் 924-ஆம் சட்டம், திருப்பலி இரசம் திராட்சைக் கனியினின்று இயல்பாக ஆனதாயும் கெடாததாயும் இருக்கப் பணிக்கின்றது. 2004-இல் வெளிவந்த உரோமை அறிவுரையோ, எங்கிருந்து வந்தது என்பதில் ஐயமுள்ள இரசத்தைப் பயன்படுத்தலாகாது என்று தடுக்கின்றது.

ஓவியத்தைப் புட்டியில் ஏற்றியவர்களும் இதை அறிந்திருந்தனர். பிரான்சில் பாரோன் பிலிப் தெ ரோத்சில்டு என்பார் தம் மூட்டோன் தோட்டத்து இரசத்தைத் தோட்டத்திலேயே புட்டியில் அடைக்கத் தொடங்கியது 1924-இல். அவ்வாண்டிலேயே ஓவியர் ஒருவரைக் கொண்டு லேபிள் வரைவித்தார். 1945-க்குப்பின் ஆண்டுதோறும் ஓர் ஓவியர் வரைவது வழக்கமாயிற்று. 1970-இல் சகாலும், 1973-இல் பிக்காசோவும், 2009-ஆம் ஆண்டு இரசத்திற்கு மும்பையில் பிறந்த அனிஷ் கபூரும் இடம்பெற்றனர். பொருள் மெய்யென்ற உறுதி அடித்தளம். ஓவியம் அதன்மேல் எழுந்த அணி. நம் நாட்டில் ராஜீவ் சமந்த், அமெரிக்காவில் பார்த்த வேலையை விட்டுத் திரும்பி, நாசிக்கில் குடும்ப நிலத்தில் கொடி நட்டார். 2000-ஆம் ஆண்டில் முதல் இரசத்தை வெளியிட்டபோது தம் அன்னை சுலபாவின் பெயரையொட்டிச் 'சூலா' என்றே பெயரிட்டார். தாயின் பெயரை இட்டவன் பொருளில் கலப்படம் செய்யத் துணிவானோ?

இனி நம் இளைஞரின் புட்டிக்கு வருவோம். அதற்குரிய பழம் திருச்சுழியில் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையையே அவர் நம்பியிருக்கிறார். அதனைப் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் 1832-இல் கொணர்ந்ததாகக் கூறுவர். 2023-இல் அது புவிசார் குறியீடும் பெற்றது. 1895-இல் முல்லைப்பெரியாறு அணை கட்டிமுடிக்கப்பட்டு நீர் கிழக்கே திரும்பியதால் செழித்த பள்ளத்தாக்கு அது. அந்நீரைக் குடித்த கொடியின் பழத்திற்குக் குண்டாற்றின் பெயரை மட்டும் சூட்டுவது முறையாகுமா?

ஆகவே நாம் அவரிடம் இரண்டு சொற்களே சொன்னோம். முதலாவது, பனைமரப் படம் இருக்கட்டும். அதன்கீழ்ப் பழம் விளைந்த ஊரையும், பறித்தவர், பிழிந்தவர் உழைப்பையும் மறையாமல் எழுதுக. இரண்டாவது, குடியினால் தாலியிழந்த பெண்கள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். அரசின் உரிமம் கிடைத்தாலும், ஊரின் பெயரைப் புட்டியில் எழுதுமுன் அவர்கள் முகத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க. அவர் நெடுநேரம் பேசவில்லை. பின் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "முதல்ல கம்பத்துக்குப் போய்த் தோட்டக்காரரைப் பார்த்துட்டு வர்றேன், சாமி" என்றார்.

கானாவூர்த் திருமணத்தில் பந்தி மேற்பார்வையாளன் இரசத்தைச் சுவைத்தான். அது எங்கிருந்து வந்ததென அவன் அறியான். தண்ணீர் மொண்ட பணியாளரோ அறிந்திருந்தனர் என்று யோவான் எழுதுகிறார். சுவைப்போர் அறியாததை மொண்டோர் அறிவர். புட்டியின்மேல் எழுதப்படும் பெயர் அவர்கள் அறிந்ததைச் சொல்லட்டும்.