துடக்கு வீடும் கண்ணாடி அறையும்

கன நாளாய் இந்தப் பக்கம் வரவில்லை. பரீட்சை ஒரு காரணம். மச்சாளுக்குப் பிள்ளை பிறந்தது மற்றக் காரணம். முப்பத்தோராம் கிழமையிலேயே அவசரப்பட்டு வந்துவிட்டான். ஆறு கிழமை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கம்பசுக்குக் கிட்ட என்றபடியால் சாப்பாடு கொண்டுபோகும் வேலை என் தலையில் விழுந்தது.

அந்தப் பிரிவின் வாசலில் முதலில் கண்ணில் படுவது கைகழுவும் தொட்டிதான். மோதிரம், மணிக்கூடு எல்லாம் கழற்றி முழங்கை மட்டும் சவர்க்காரம் போட்டுக் கழுவவேணும். செல்போனையும் துடைக்கச் சொல்லுவார்கள். இவ்வளவு கெடுபிடியோடு உள்ளே போனால், மச்சாள் பிள்ளையைத் தன் வெறும் நெஞ்சில் போட்டுக்கொண்டு கதிரையில் சாய்ந்திருப்பா. காய்ச்சல் பார்த்து எழுதுவதும் அவதான், துணி மாற்றுவதும் அவதான்.

அம்மம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "ஊரிலை முப்பத்தொரு நாள் துடக்கு எண்டு ஒருத்தரையும் கிட்ட அண்ட விடமாட்டம். இஞ்சை கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கவேண்டிய பிள்ளையை வெளியில எடுத்து வைச்சிருக்கினம். கிருமி தொத்தாதோ?"

நியாயமான கேள்வி. அதைத் தேடப்போய்த்தான் இந்தப் பதிவு.

ரொறன்ரோவில் கொலிஜ் வீதியால் நடப்பவர்கள் அந்தச் சிவப்புக் கல் கட்டடத்தைக் கண்டிருப்பீர்கள். 1892-இல் கட்டிய பழைய சிக் கிட்ஸ் ஆஸ்பத்திரி. 1875-இல் எலிசபெத் மக்மாஸ்டரும் அவரோடு சேர்ந்த சில பெண்களும் ஒரு வாடகை வீட்டில் ஆறு கட்டிலோடு தொடங்கியது, பிறகு இங்கே வந்தது. அந்தக் காலத்தில் கைக்குழந்தைகளைக் கொன்றதில் பெரும் பங்கு வயிற்றோட்டத்துக்கு. அதற்கு முக்கிய காரணம் அழுக்குப் பால். பத்திரிகை முதலாளி ஜோன் றொஸ் றொபேட்சன் 1900-களின் கடைசியில் இங்கே பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் இயந்திரத்தைப் போட்டார். கனடாவிலேயே அதுதான் முதலாவது. ஒன்ராறியோ அரசு அதைக் கட்டாயமாக்கியது 1938-இல். முப்பது வருசம் யோசித்திருக்கிறார்கள்!

பால் விசயத்தில் வென்ற வைத்தியர்களுக்கு அடுத்த எதிரியாகத் தெரிந்தது மனிதர்கள். இதற்கு ஒன்ராறியோவிலேயே ஒரு கதை இருக்கிறது. கேட்டால் சினிமாக் கதை என்பீர்கள்.

1934 மே 28. வடக்கே கோர்பெய்ல் என்ற சின்ன இடத்தில் ஒரு பண்ணை வீடு. டியோன் குடும்பத்தில் ஒரே பிரசவத்தில் ஐந்து பெண் பிள்ளைகள், அதுவும் ஏறக்குறைய இரண்டு மாதம் முந்தி. ஐந்தையும் சேர்த்து நிறுத்தாலும் ஆறு கிலோதான். கரண்ட் இல்லாத வீடு. அடுப்படியில் கூடைக்குள் வைத்துச் சூடு காட்டினார்கள். மண்ணெண்ணெய் விளக்குக் காலத்துக்கு ஏற்றமாதிரி, சுடுதண்ணியில் வேலை செய்யும் ஒரு பழைய இன்கியூபேற்றர் சிக்காகோவில் இருந்து வந்தது. சிக் கிட்ஸின் தலைமை வைத்தியர் அலன் பிறவுணின் ஏற்பாட்டில் ரொறன்ரோத் தாய்மாரின் தாய்ப்பால் ரயிலில் போனது. எனக்கு இந்தக் கதையில் ஆகப் பிடித்த இடம் இந்தப் பால் ரயில்தான்.

பிறகு கதை மாறுகிறது. டொக்டர் டஃபோ பொறுப்பு. தலைமைத் தாதி லூயிஸ் டி கிரிலின், செஞ்சிலுவையில் வேலை பார்த்த சுவீடன்காரி. வீடு முழுக்கக் கிருமிநாசினி, எல்லாருக்கும் முகமூடி, வெள்ளை அங்கி. தாய் தகப்பனும் மூத்த பிள்ளைகளும் தள்ளியே நிற்கவேணும். அந்த வருசக் கடைசிக்குள்ளேயே வீட்டுக்கு எதிர்ப்பக்கம் தனி ஆஸ்பத்திரி எழும்பி, பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். 1935-இல் சட்டம் போட்டு அரசாங்கமே பாதுகாவலர் ஆனது. ரோட்டைக் கடந்து போய்த் தன் பிள்ளையைப் பார்க்கத் தாய்க்கு அனுமதி வேணும்.

ஐந்து பேரும் பிழைத்தார்கள். அதற்கு முதல் அப்படி ஐந்தும் தப்பியதாகப் பதிவில்லை. ஆகவே டி கிரிலினைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அன்ரிபயோட்டிக் இல்லாத காலத்தில் ஒரு தடிமன் போதும் அந்த உடம்பைக் கொண்டுபோக. ஆனால் 1936 தொடக்கம் 1943 வரை ஏறக்குறைய முப்பது லட்சம் சனம் அங்கே வந்து, மறைப்புக்குப் பின்னால் நின்று அந்தப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துவிட்டுப் போனது. கிருமிக்காகக் கட்டிய வேலி கடைசியில் காட்சிச்சாலை வேலி ஆகிவிட்டது. 1943-இல்தான் குடும்பத்தோடு சேர்ந்தார்கள். அதுவும் நல்லபடி அமையவில்லை. 1998-இல் அப்போது மிஞ்சியிருந்த மூன்று சகோதரிகளுக்கு ஒன்ராறியோ அரசு 40 லட்சம் டொலர் கொடுத்தது.

டியோன் வீடு ஒரு அதிசயம், ஆனால் அதே யோசனை பிறகும் பிரசவ ஆஸ்பத்திரிகளில் சாதாரண நடைமுறையாய் இருந்தது. பிள்ளைகள் எல்லாம் ஒரு பெரிய அறையில், தாய்மார் கண்ணாடிக்கு வெளியே. 1950-களில் அந்த அறைகளுக்குள்ளேயே வில்லன் புகுந்தான். பெனிசிலினுக்கு அடங்காத ஸ்ரஃபைலோகொக்கஸ் பற்றீரியா. அதில் பேர்போன வகைக்கு 80/81 என்று பெயர். 80 ஆஸ்திரேலியாவில் அடையாளம் கண்டது, 81 கனடாவில் கண்டது, பிறகு பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தாய்மாரை வெளியே விட்டாயிற்று. அப்போ யார் காவிக்கொண்டு போனது?

அமெரிக்காவின் கிளீவ்லண்டில் மோட்டிமரும் வொலின்ஸ்கியும் இதைச் சோதித்தார்கள், 1962-இல் முடிவு வந்தது. கிருமி உள்ள ஒரு பிள்ளையைத் தூக்கிய தாதி கை கழுவாமல் அடுத்த பிள்ளையைத் தூக்கினால் கிருமி கெதியாகவும் கூடுதலாகவும் தொற்றியது. கழுவினால் குறைந்தது. காற்றின் பங்கு கொஞ்சம்தான். (இன்றைக்கு இப்படி ஒரு சோதனைக்கு எந்த ஆஸ்பத்திரியும் சம்மதிக்காது!) அதாவது கிருமி வந்தது கவனிக்கிறவர்களின் கையில். ஒருத்தி பத்துப் பிள்ளையைத் தூக்கினால் பத்துக்கும் ஒரே கை. தாய் தூக்குவது தன் பிள்ளையை மட்டும்.

ஆனால் அந்தக் கணக்கை உடனே ஒருவரும் போடவில்லை. குறுக்கு வழி தேடினார்கள். ஹெக்சகுளோறபீன் என்ற மருந்தால் பிள்ளைகளையே குளிப்பாட்டினார்கள். அது தோலுக்குள்ளால் போய் மூளையைத் தாக்கும் என்று 1971-இல் எச்சரிக்கை வந்தது. அடுத்த வருசம் பிரான்சில் தவறுதலாக அந்த மருந்து அளவுக்கு மீறிக் கலந்த பவுடரால் 36 பிள்ளைகள் இறந்தார்கள். வெள்ளை அங்கியின் கதை வேறு. அதைப் போடுவதால் தொற்றுக் குறைகிறது என்பதற்கு ஆதாரமே இல்லை என்று 2003-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள்.

கதவு திறந்தது ஏழை இடங்களில், அதுவும் வேறு வழி இல்லாமல். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்கியூபேற்றர் போதாமல் ஒன்றுக்குள் இரண்டு மூன்று பிள்ளைகள். தொற்றோ தாராளம். எட்கார் ரே என்ற வைத்தியர் பிள்ளையைத் தாயின் நெஞ்சில் கட்டிவிட்டார். இப்போது கங்காரு முறை என்று சொல்கிறோம். 1979-இல் சோவியத் எஸ்தோனியாவின் தலினில் தாதிமார் தட்டுப்பாடு. அடிக் லெவின் தாய்மாரையே பிள்ளையைப் பார்க்கவிட்டார். அங்கே இருந்து அந்த யோசனையை ரொறன்ரோ மவுண்ட் சைனாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர் டொக்டர் ஷூ லீ. 2018-இல் வெளிவந்த ஆய்வு 26 ஆஸ்பத்திரிகளில் நடந்தது. பிள்ளைகள் நன்றாக நிறை கூடின, தாய்ப்பால் கூடியது, தாய்மாரின் பதட்டம் குறைந்தது. மரணத்திலும் பெரிய நோய்களிலும் வித்தியாசம் இல்லை. தாய் உள்ளே வந்ததால் ஆபத்தும் கூடவில்லை.

அம்மம்மாவின் கேள்விக்கு நேர் பதில் 2021-இல் வந்தது. டெல்லி உட்பட ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில், பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் வைத்த நிறை குறைந்த பிள்ளைகளில் 28 நாளுக்குள் இறந்தது 12 வீதம். நிலைமை சீரானபின் வைத்தவர்களில் 15.7 வீதம். கிருமித் தொற்றுச் சந்தேகமும் குறைவு. இனி மற்றப் பிள்ளைகளுக்கு மறுப்பது சரியில்லை என்று ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

இதை எல்லாம் அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னா: "அப்ப நாங்கள் செய்ததும் அதுதானே. துடக்கு வீட்டுக்குள்ள தாயும் பிள்ளையும் ஒண்டாத்தானே கிடந்தவை. மற்ற ஆக்களைத்தானே விடேல்லை." எனக்கு இது தோன்றவே இல்லை. துடக்கில் வேறு பிழைகள் ஆயிரம் உண்டு, தாயைத் தீண்டத்தகாதவளாய் வைத்தது உட்பட. ஆனால் வேலி போட்ட இடம் கோர்பெய்லில் போட்ட இடத்தைவிடச் சரியானது.

மச்சாளின் பிள்ளையைப் பார்த்த தாதி ஒருவவிடம், தொற்று வராமல் இருக்க எது முக்கியம் என்று கேட்டேன். கை கழுவவேணும் என்று எல்லாருக்கும் தெரியும், அதை ஒவ்வொரு தடவையும் செய்ய நேரம் வேணும் என்றா. ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைக்கு மூச்சு நின்றால் கை தன்பாட்டில் ஓடுமாம். சுவரில் ஒட்டும் நோட்டீசுக்குப் பதிலாக இரவுக்கு இன்னொரு தாதியைத் தந்தால் போதுமாம். இப்படிச் சொல்பவர்களைக் கேட்காமல் விட்ட கதை இந்த ஊருக்குப் புதிதில்லை. 2003 சார்ஸ் நேரம் நோய் இன்னும் போகவில்லை என்று தாதிமார் சொன்னது எடுபடவில்லை என்பதை நீதிபதி கம்பெல் தன் விசாரணை அறிக்கையில் விரிவாக எழுதியிருக்கிறார். 44 பேர் இறந்தார்கள், அதில் இரண்டு தாதிமாரும் ஒரு வைத்தியரும்.

பிள்ளை போன கிழமை வீட்டுக்கு வந்துவிட்டான். இரண்டரைக் கிலோ. அம்மம்மா வாசலில் ஒரு போத்தல் சனிற்றைசர் வைத்திருக்கிறா. நான்தான் முதல் ஆளாய்ப் பிடிபட்டேன்.